செப்டெம்பர் வந்தால் புதுச் சீடி

ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் கடைசியில் ஈ.ஏ. கம்பனியின் கால்பந்து கேமின் (முன்பு பிஃபா என்ற பெயரில் வந்தது) புதுப் பதிப்பு வந்துவிடும். அட்டையில் எண் ஒன்று கூடியிருக்கும். பிளேஸ்டேஷன் 5க்கு விலை 70 டொலர். டொலரை இலங்கைக் காசில் 300 ரூபா என்று வைத்தாலும் 21,000 ஆகிறது. 2024இல் தேயிலைத் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக்கினார்கள். அந்தக் கணக்கில் பதினைந்து பேர் ஒரு நாள் சம்பளத்தைப் போட்டிருந்தாலும் ஒரு சீடிக்குக் கண்டிருக்காது.

நான் ஹட்டன் டவுனில் ஒரு கேம் கடையைப் பார்த்துக்கொள்கிறவன். கடை முதலாளியுடையது. பிளேஸ்டேஷன் 4, டிவி, கொன்ட்ரோலர், பெஞ்சு எல்லாம் என் பொறுப்பு. மணித்தியாலக் கணக்கில் காசு. டியூஷன் முடிந்து நோர்வூட், டிக்கோயா பஸ் வரும்வரை விளையாட வருகிற பையன்கள்தான் எங்கள் வாடிக்கை. பத்தாந் தேதி தோட்டத்தில் சம்பளம் போட்டால் அந்த வாரம் பெஞ்சில் இடம் இருக்காது.

புதுச் சீடி போட்டதும் இந்தப் பையன்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். புல் எப்படி இருக்கிறது, வலை எப்படி ஆடுகிறது என்பதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. நேராக அணிப் பட்டியலுக்குத்தான் போவார்கள். எம்பாப்பே 2024இல் பாரிஸை விட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். வெள்ளைச் சட்டையில் அவர் நின்றால் சரி, கேம் புதுசு. பழைய சட்டையில் நின்றால், “என்னண்ணே, இன்னும் இதையே வச்சிருக்கீங்க?”

இந்த மாற்றத்துக்கு முழு விலை எதற்கு? ரொனால்டோ 2023 ஜனவரியில் அல் நாஸருக்குப் போனபோது, பிஃபா 23 வைத்திருந்தவர்களுக்கு அந்த மாற்றம் இன்டர்நெட் வழியாகச் சும்மாவே வந்தது. ஜனவரியில் இலவசமாகச் செய்ய முடிந்த வேலைக்கு செப்டெம்பரில் 70 டொலர்.

ஆட்டமே மாறுகிறது என்பார்கள். சில வருடம் மாறத்தான் செய்கிறது. ஆனால் பிஃபா 22இல் பெரிதாகப் பேசப்பட்ட, நிஜ ஆட்டத்தைப் பதிந்து செய்த ஹைப்பர்மோஷன் அசைவுகள் புதுத் தலைமுறை மெஷின்களுக்கு மட்டும்தான். பிளேஸ்டேஷன் 4 பதிப்பில் அது கிடையாது. எங்களைப் போன்ற கடைகளுக்கு அட்டைதான் புதுசு.

உண்மையான காரணம் அல்டிமேட் டீம். காசு கொடுத்துப் பாக்கெட் பிரித்து, வீரர்களின் கார்டு சேர்க்கும் பகுதி அது. இந்த வருடம் சேர்த்த கார்டு அடுத்த வருடப் பதிப்புக்கு வராது, மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ஈ.ஏ. கம்பனிக்குக் கால்பந்தும் மற்ற விளையாட்டு கேம்களும் சேர்ந்து, அல்டிமேட் டீமிலிருந்து மட்டும் 160 கோடி டொலருக்கு மேல் வந்தது. அதில் பெரும் பங்கு கால்பந்துடையது. இது சூதாட்டம் என்று பெல்ஜியம் பிடித்துக்கொண்டதால், 2019 ஜனவரியில் அங்கே இந்தப் பாக்கெட் வாங்க உதவும் பிஃபா பொயின்ட்ஸ் விற்பதை நிறுத்தினார்கள். இவ்வளவு வருமானம் இருக்கும்போது வருடா வருடம் வெளியிடுவதை அவர்களாக விடுவார்கள் என்று நான் நம்பவில்லை.

வேறு வழி இல்லாமலில்லை. 2020இல் ஈ.ஏ.க்குப் போட்டிக் கம்பனியான கொனாமி ஒரு நல்ல காரியம் செய்தது. புது கேம் என்று ஜோடிக்காமல், தன் கால்பந்து கேமான பெஸ் 2021 முந்தைய வருடத்துக் கேமின் சீசன் அப்டேட்தான் என்று வெளிப்படையாகச் சொல்லி, விலையையும் குறைத்து விற்றது. எங்கள் கடையில் இன்றும் அதிகம் ஓடுவது அதுதான். உரிமம் இல்லாததால் ரியல் மாட்ரிட் போன்ற அணிகளுக்கு அதில் வேறு பெயர், வேறு சட்டை. உலகம் முழுக்க ரசிகர்கள் சேர்ந்து சரியான பெயர், சட்டை, அணிப் பட்டியல் எல்லாம் தயாரித்து ஒப்ஷன் ஃபைல் என்று வெளியிடுகிறார்கள். இரவு பன்னிரண்டுக்குப் பிறகு நைட் டேட்டாவில் இறக்கி, பென் டிரைவில் போட்டு, பிளேஸ்டேஷனில் செருகினால் முடிந்தது.

ஃபைலில் இல்லாதவர்களை எடிட் பகுதியில் நாமே உருவாக்கலாம். பார்சிலோனாவின் இளம் வீரர் லமீன் யமாலை அப்படித்தான் உருவாக்கினோம். மழை விடாத ஒரு பின்னேரம், பஸ்ஸைத் தவறவிட்ட பையன்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். இடது கால், வலது விங், தலைமுடி ஆகியவற்றில் சண்டை இல்லை. வேகத்துக்கு எத்தனை என்பதில்தான் வந்தது. ஒருவன் 95 என்றான். “மச்சான், அப்ப எம்பாப்பேவுக்கு எத்தன குடுப்ப?” என்று இன்னொருவன் மடக்கினான். பேசிப் பேசி 88இல் நிறுத்தினோம். அன்றிலிருந்து அந்த யமாலை யார் எடுப்பது என்று தினமும் தகராறு.

இலவச கேம் இன்னொரு வழி. அதே கொனாமி 2021 செப்டெம்பரில் ஈஃபுட்போலை இலவசமாக வெளியிட்டது. முதல் நாளே கோணல்மாணலான முகங்களோடு வந்து உலகமே சிரித்தது. அப்புறம் ஓரளவு தேறியது. பையன்கள் போனில் அதைத்தான் விளையாடுகிறார்கள். ஆனால் இன்டர்நெட் வேண்டும், நல்ல வீரர் வேண்டுமென்றால் குலுக்கலுக்குக் காசு வேண்டும். அதுவும் சிக்னலுக்காக ரோட்டுக்கு ஏறி வரவேண்டிய, தோட்டத்து லய வரிசை வீட்டுப் பிள்ளைக்கு அது எப்படி இலவசமாகும்?

எனக்குப் பிடித்தது ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் என்கிற ஏற்பாடு. இடையில் வரும் வருடத்துக்குக் குறைந்த விலையில் ஒரு அப்டேட் போதும். நடக்காத காரியமுமல்ல. அணியை நிர்வகிக்கிற கேமான ஃபுட்போல் மனேஜர் 25 தரமாக வரவில்லை என்று 2025 பெப்ரவரியில் அதைத் தயாரித்தவர்களே ரத்து செய்தார்கள். ஒரு வருடம் கேம் இல்லை, யாரும் செத்துப் போகவில்லை. எஃப்1 பந்தயத்துக்கும் 2026இல் தனி கேம் கிடையாது, எஃப்1 25க்கு ஒரு விரிவாக்கம் மட்டும்தான் என்று ஈ.ஏ.யே அறிவித்தது. கார் பந்தயத்தில் முடிகிறது, காசு கொட்டும் கால்பந்தில்தான் கை வர மாட்டேன் என்கிறது.

கிரிக்கெட்டில் நிலைமை தலைகீழ். ஈ.ஏ. 2006இல் கிரிக்கெட் 07ஐக் கொடுத்துவிட்டு அதோடு கையைக் கழுவியது. வருடா வருடம் வருகிறதே என்று புலம்புவதற்குக்கூட அங்கே வழியில்லை. பழைய கொம்பியூட்டர்களில் ரசிகர்கள் பேட்ச் போட்டுப் போட்டு அதை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

இந்த வருடம் புதுச் சீடிக்கு ஒதுக்கும் காசில் கொன்ட்ரோலர் வாங்கலாம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். இருப்பதில் ஒன்றின் குச்சி தேய்ந்து, தொடாமலே வீரர் இடப்பக்கம் நடக்கிறார். முதலாளி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “கொட்டகலைக் கடையில புதுசு போட்டுட்டாங்கன்னா என்ன தம்பி செய்வ?” என்று மட்டும் கேட்டார்.