கேமராவும் ஒரு குறிப்பேடும்

போர்க்களத்தில் ராணுவப் புகைப்படக்காரனாக இருந்தேன் என்றால், "கையில் துப்பாக்கி இருக்குமா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். இருக்கும். செய்தியாளர்கள் சட்டப்படி பொதுமக்கள் கணக்கு. ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு 1977-ல் வந்த முதல் கூடுதல் நெறிமுறையின் 79-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சீருடை போட்ட படக்காரனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அவனும் சிப்பாய்தான். அடிபட்டவனைத் தூக்க ஆள் வேண்டுமென்றால் கேமரா பாட்டுக்கு மார்பில் தொங்கும்.

ஆரம்பத்தில் சிப்பாய்களுக்கு நம்மைப் பிடிக்காது, அதில் நியாயமும் உண்டு. இருட்டில் கேமராவின் பின்திரை ஒரு நொடி ஒளிர்ந்தாலே மொத்தக் குழுவும் இருக்கும் இடம் தெரிந்துவிடும். திரையை அணைத்து, மினுக்கும் சின்ன விளக்குகள் மேல் கறுப்பு டேப் ஒட்டி, ஜிபிஎஸ்ஸை நிறுத்தி, ஃபிளாஷைத் தொடாமலே விட்டு, அப்புறம் அவர்கள் சுமையில் ஒரு தண்ணீர் கேனையோ ரேடியோ பேட்டரியையோ நாமும் வாங்கிக்கொண்டு நடந்தால், கொஞ்ச நாளில் கேமரா இருப்பதையே மறந்துவிடுவார்கள். அதுவரை கிடைப்பதெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் படங்கள்தான்.

ஆனால் இந்த வேலையில் நான் பெரிதாக நினைப்பது சட்டைப்பையில் கிடக்கும் குறிப்பேட்டைத்தான். பெயர், பதவி, பிரிவு, இடம், தேதி எல்லாம் அதில் ஏற வேண்டும், அதுவும் பென்சிலில், ஏனென்றால் மழை பட்டால் பேனா மை ஊறிவிடும். ஹெல்மெட்டும் புழுதியும் சேர்ந்தால் எல்லோரும் ஒரே முகம், சாயங்காலம் யோசித்து எழுதலாம் என்பது நடக்காத காரியம். சிலர் குறிப்பேட்டைப் பிடுங்கித் தாங்களே எழுதுவார்கள். ஒருவர் தன் பெயரை எழுதிவிட்டு, மேல்வரியில் நான் எழுதியிருந்த நண்பனின் பதவியை அடித்து, "அவனுக்குப் போன வாரமே பதவி உயர்வு வந்தாச்சு" என்று திருத்திக் கொடுத்தார்.

பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை ஜப்பானோடு மோதிய இவோ ஜிமா தீவு போதும். 1945 பிப்ரவரி 23 அன்று அங்கே சுரிபாச்சி மலையில் ஏற்றிய முதல் அமெரிக்கக் கொடியைப் படம் எடுத்தவர் அமெரிக்க மரைன் படையின் புகைப்படக்காரர் லூயிஸ் லோவரி. அதே நாளில் அந்த இடத்தில் இன்னும் பெரிய கொடி ஒன்றை ஏற்றினார்கள், அதை எடுத்தவர் செய்தி நிறுவனத்தின் ஜோ ரோசெந்தால். உலகத்துக்குத் தெரிந்தது இரண்டாவது படம். (எங்கள் ஆட்களுக்கு இது பழகிப்போன கதை.) அந்தப் படத்தில் இருக்கும் 6 பேர் யார் யார் என்பதை 1947-ல் ஒரு முறை, 2016-ல் ஒரு முறை, 2019-ல் இன்னொரு முறை திருத்த வேண்டியதாயிற்று. முகம் சரியாகத் தெரியாத படம், எடுத்த இடத்திலேயே பெயர்களும் பதிவாகவில்லை. எழுபது வருடத்துக்கும் மேலாகத் தவறான ஆள் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எடுத்ததெல்லாம் வெளியே போகாது. போர்க்கைதிகளைப் பொதுமக்களின் வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது என்பது 1949-ன் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 13-வது பிரிவு, அதனால் அவர்கள் முகம் தெரிகிற படங்களை வெளியிட மாட்டார்கள். வரைபடமோ ரேடியோ அலைவரிசையோ பின்னணியில் தெரிந்தால் அதுவும் நிற்கும். இறந்தவர்களின் படம், குடும்பத்துக்குச் செய்தி போய்ச் சேரும்வரை பெட்டியைவிட்டு நகராது. இதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வெளியே போகாத படத்துக்கும் குறிப்பு ஒரு வரி குறையாமல் எழுதத்தான் வேண்டும், பின்னால் ஒரு விசாரணை என்று வந்தால் படம் நன்றாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, என்றைக்கு எடுத்தது, கூட யார் இருந்தார்கள் என்றுதான் கேட்கிறார்கள்.