கடலில் ஓடும் பரிசல்

வியட்நாமில் மூய் நேவுக்குப் போகிற நம்மாட்கள் பெரும்பாலும் மணல் மேட்டில் ஜீப் ஏறிவிட்டு, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மணல் மேட்டுக்கு அரை மணி நேரம் தாராளம். விடிவதற்குள் மீனவக் கிராமத்துக் கரைக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் அங்கே கடையைக் கட்டிவிடுவார்கள்.

எனக்கு ஊர் காவிரிக்கரையில் நெரிஞ்சிப்பேட்டை. சின்ன வயதில் பரிசலேறித்தான் அக்கரையிலிருக்கும் பூலாம்பட்டிக்குப் போவோம். திருப்பூரில் தொழில் பழகிய தம்பி இப்போது சைகோனில் பின்னலாடை வேலையில் இருக்கிறான். அவன்தான் காரில் கூட்டிப்போனான். கரையில் இறங்கியதும், "ஏனுங்ணா, நம்மூரு பரிசல் இங்க எப்படிங் வந்துச்சு?" என்று சிரித்தான்.

பெரிய படகுகள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கின்றன. அங்கிருந்து மீனைக் கரை சேர்ப்பது வட்டமான மூங்கில் கூடைகள்தான். 'துங் சாய்' என்கிறார்கள். கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒன்றைத் தடவிப் பார்த்தேன். நம் பரிசலில் மூங்கில் பிளாச்சு வெறும் சட்டம்தான். தண்ணீரைத் தடுப்பது அடியில் போர்த்திய தோலோ, தார் பூசிய சாக்கோதான். இதில் பின்னலே அடைப்பு. நகம் நுழையாத நெருக்கம். மேலே சாணியைத் தேய்த்து இண்டு இடுக்கை அடைத்து, காய்ந்தபின் மரப்பிசின் எண்ணெய் பூசுவது பழைய முறை. பரிசல் தட்டையாக இருக்கும். இது அலைக்குத் தோதாகக் குழிந்த சட்டி. ஆனால் துடுப்பை முன்னால் போட்டு இப்படியும் அப்படியும் துழாவுகிற கைவாகு அப்படியே நம்மூர்தான்! பிரெஞ்சுக்காரர்கள் படகுக்கு வரி போட்டபோது, "இது படகு இல்லை, கூடை" என்று சொல்லித் தப்பித்தார்கள் என்றொரு கதையும் உண்டு. நிஜமோ பொய்யோ, கெட்டிக்காரத்தனம். இப்போது ஃபைபர் கூடைகளும் நிறைய வந்துவிட்டன.

கரையில் வியாபாரம் முழுக்கப் பெண்கள் கையில். கூம்புத் தொப்பியோடு குந்தி உட்கார்ந்து ரகம் பிரிக்கிறார்கள். பேரம் நம் சந்தைக்குச் சளைத்ததில்லை.

பக்கத்தில் ஃபான் தியெத் ஊரில், 1762இல் கட்டிய வான் துய் து கோயில் இருக்கிறது. சாமி, திமிங்கிலம். உள்ளே இருபத்திரண்டு மீட்டர் நீள எலும்புக்கூடு. புயலில் மீனவரைக் காப்பாற்றுவது அதுதான் என்று நம்பிக்கை. செத்து ஒதுங்கிய திமிங்கிலத்தை முதலில் பார்த்தவர், மூத்த மகன் போல இருந்து காரியம் செய்து துக்கம் காக்க வேண்டுமாம். தம்பிக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. மாட்டுப் பொங்கல் வைக்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மீன் சாறு, 'நுவோக் மாம்', இந்த ஊர்ப் பெருமை. நெத்திலியையும் உப்பையும் தொட்டியில் போட்டு ஒரு வருடம் போல ஊறவிட்டு வடிக்கிறார்கள். கருவாட்டுக் குழம்பு பிடித்தவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, வழியெல்லாம் தெரிகிற டிராகன் பழத் தோட்டங்களைப் பார்க்கலாம். பருவமில்லாத மாதங்களில் ராத்திரி பல்பு எரியவிட்டுப் பூக்க வைக்கிறார்கள். நம் பக்கம் புதிதாக டிராகன் பழம் போட்டிருப்பவர்கள், கரண்ட் பில்லையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வையுங்கள்.