பொய்யைப் பற்றி ஒரு பருவக் கட்டுரை

ஜூலை 21

முதுகலை மெய்யியல் முதலாம் ஆண்டு அறவியல் தாளுக்கான கட்டுரைத் தலைப்புகள் இன்று பகிர்ந்தளிக்கப்பட்டன. என் பங்குக்கு வந்தது, மனித நேயத்தின் பொருட்டுப் பொய் சொல்லும் உரிமை நமக்கு உண்டு என்பதை மறுத்து ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1797இல் எழுதிய கட்டுரை. சில பக்கங்களே உள்ள அக்கட்டுரையைக் காண்ட்டின் அன்பர்களே வெளியில் காட்டத் தயங்குவார்கள் என்று பேராசிரியர் சிரித்தார். கொலை செய்யத் துரத்தி வந்தவன் வாசலில் நின்று, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்கிறான். அவனிடமும் பொய் சொல்லக் கூடாது என்கிறார் காண்ட். வகுப்பில் பாதிப் பேர் இதைக் கேட்டவுடனேயே அவரைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஜூலை 25

நூலகத்தில் மாலை வரை இருந்து கட்டுரையை இருமுறை வாசித்தேன். அவர் சொல்லும் காரணம் நான் எதிர்பார்த்ததைவிட நுட்பமானது. நண்பன் வீட்டில் இல்லை என்று பொய் சொல்கிறீர்கள்; அவனோ உங்களுக்குத் தெரியாமல் பின்புறமாக வெளியேறியிருக்கிறான்; உங்கள் சொல்லை நம்பித் திரும்பிய கொலைகாரன் தெருவில் அவனைக் கண்டு கொன்றுவிடுகிறான். அப்போது அந்தச் சாவில் உங்களுக்குப் பங்கு உண்டு என்கிறார். உண்மையைச் சொல்லியிருந்தால், அவன் வீட்டைத் துழாவும் நேரத்தில் அக்கம்பக்கத்தார் ஓடிவந்து பிடித்திருக்கவும் கூடும். விளைவுகளைக் கணக்கிட்டுப் பொய் சொல்லத் துணிந்தவன் கணக்குப் பிழைத்தால் அதற்கும் பொறுப்பாளி என்பது இந்த வாதத்தின் ஓர் இழை. பொய், எதிரில் நிற்பவனுக்கு மட்டுமல்ல, ஒப்பந்தம் முதலான உரிமைகள் அனைத்துக்கும் அடிப்படையான நம்பகத்தையே குலைத்து மனித குலத்துக்கே தீங்கிழைக்கிறது என்பது மற்றோர் இழை. முதல் இழை வலுவற்றது என்றே எனக்குப் படுகிறது. கடமையையே பார்த்து விளைவைப் பொருட்படுத்தாத காண்ட் விளைவைக் காட்டி அச்சுறுத்துவது அவருக்கே பொருந்தவில்லை.

விடுதியில் இதைச் சொன்னவுடன், எதிர்பார்த்தபடியே, அறைத்தோழி “பொய்ம்மையும் வாய்மை யிடத்த” என்று தொடங்கிவிட்டாள். தமிழ்நாட்டில் காண்ட்டைப் படிக்கும் எவரும் இந்தக் குறளைக் கடந்துதான் போக வேண்டும். ஆனால் அது திறந்துவிடும் வாசல் நாம் நினைப்பதுபோல் அகலமானதன்று. நன்மை பயந்தால் போதும் என்று வள்ளுவர் விடவில்லை, “புரைதீர்ந்த நன்மை” என்கிறார். அதற்குப் பரிமேலழகர் காட்டும் இடமும், கேட்டின் விளிம்பிலோ சாவின் விளிம்பிலோ நிற்கும் ஓர் உயிர் அந்தப் பொய்யால் தப்புகின்ற இடமே.

ஆகஸ்ட் 2

இன்று வாசித்தது ஒரு சுவையான செய்தி. சமயம் பற்றிய எழுத்துக்காக 1794இல் பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் வில்லியத்தின் கண்டனம் காண்ட்டுக்கு வந்தது. “மாட்சிமை தங்கிய தங்களின் மிக உண்மையான குடிமகன்” என்ற முறையில் இனிச் சமயம் பற்றிப் பேசுவதில்லை என்று அவர் எழுதிக்கொடுத்தார். அரசர் 1797 இறுதியில் மறைந்தார். மறு ஆண்டே காண்ட் அப்பொருள் பற்றி மீண்டும் எழுதியதோடு, அந்த அரசரின் வாழ்நாள் வரைக்கும் மட்டுமே தம்மைக் கட்டுப்படுத்தும்படி அச்சொற்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்ததாக முன்னுரையிலும் சொல்லிவிட்டார். சொல்வதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும், ஆனால் எல்லா உண்மையையும் சொல்லியாக வேண்டும் என்பதில்லை என்பது அவர் நிலைப்பாடு. வழக்கறிஞர் தொழிலுக்குப் போயிருந்தாலும் நன்றாகச் சம்பாதித்திருப்பார்.

ஆகஸ்ட் 9

ஊரில் பெரியப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று உறுதியாகி மூன்று வாரமாகிறது. வீட்டில் அனைவருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. “அவர்கிட்ட அல்சர்னுதான் சொல்லியிருக்கோம், நீ பாட்டுக்கு எதையாவது உளறிடாத” என்று அம்மா முன்பே எச்சரித்திருந்தார்.

இன்று மதியம் பெரியப்பாவே அழைத்தார். புதிதாகக் கொடுத்த மாத்திரை அட்டையின் பின்புறத்தில் இருந்த பெயரை, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆங்கில எழுத்துகளாக ஒவ்வொன்றாகச் சொன்னார். வெள்ளித்தாளில் மாத்திரை பிதுக்கிய இடத்தில் இரண்டு எழுத்துகள் கிழிந்துபோயிருந்தன; அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது, அது கேப்சைடபின் என்ற புற்றுநோய் மருந்து. “நீதான் பெரிய லைப்ரரியில உக்காந்து படிக்கிற, இது எதுக்குன்னு பாத்துச் சொல்லும்மா” என்றார். மருந்தைப் பற்றி டாக்டரிடமே கேட்டுக்கொள்வதுதான் நல்லது பெரியப்பா, அடுத்த முறை போகும்போது நேரடியாகக் கேளுங்கள் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மழை உண்டா என்று விசாரித்தார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. காண்ட் அரசருக்கு எழுதிய கடிதத்திலும் இல்லை.

ஆகஸ்ட் 10

இரவு முழுவதும் யோசித்ததில் கட்டுரைக்கான வழி ஒன்று தென்பட்டது. காண்ட் மறுத்தது பெஞ்சமின் கான்ஸ்தான் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளரை. உண்மை பேசுவது கடமைதான், ஆனால் உண்மையைப் பெறும் உரிமை உடையவரிடம் மட்டுமே அது கடமை. பிறருக்குத் தீங்கிழைக்கும் உண்மையைப் பெற எவனுக்கும் உரிமையில்லை என்பது கான்ஸ்தான் வாதம். வகுப்பில் நாங்கள் எல்லோரும் ஒரே மனத்தோடு கான்ஸ்தான் பக்கம் சாய்ந்தோம். நோயை மறைக்கும் குடும்பங்களும் தம்மை அந்தப் பக்கத்தில்தான் வைத்துக்கொள்கின்றன: காண்ட் கல்நெஞ்சர், நாம் இரக்கமுள்ளவர்கள்.

ஆனால் கான்ஸ்தானின் அளவுகோலைப் பெரியப்பாவின் மீது வைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? தன் உடலைப் பற்றிய உண்மையைப் பெற அவரைவிட உரிமை உடையவர் யார்? வாசலில் நிற்கும் கொலைகாரனுக்கு இல்லாத அந்த உரிமை அவருக்கு முழுதாக இருக்கிறது. குறளின் அளவுகோலும் அவ்வாறே கைவிடுகிறது, ஏனெனில் இந்தப் பொய்யால் எந்த உயிரும் சாவிலிருந்து தப்பப் போவதில்லை. ஆக, பொய்யை அனுமதிக்கும் இருவருமே இந்தப் பொய்யை அனுமதிக்க மாட்டார்கள். காண்ட்டை மறுத்துவிட்டால் பொய்க்கு இடம் கிடைத்துவிடும் என்று கருதுவதே என் கட்டுரை எதிர்க்க வேண்டிய எண்ணம்.

மருத்துவர்களும் நெடுங்காலம் குடும்பங்களைப் போலத்தான் நடந்துகொண்டார்கள். அமெரிக்காவில் 1961இல் வெளியான ஓர் ஆய்வில், புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதையே விரும்புவதாகச் சுமார் 90 விழுக்காட்டு மருத்துவர்கள் தெரிவித்தனர். 1979இல் அதே கேள்விக்கு ஏறக்குறைய எல்லோருமே சொல்வதையே தெரிவு செய்தனர். இடைப்பட்ட காலத்தில் நோயாளியின் உரிமை என்ற எண்ணம் வலுப்பெற்றிருந்தது. நம் நாட்டிலும், சிகிச்சைக்குத் தரும் ஒப்புதல் போதிய விவரங்களை அறிந்து தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் கூறியிருக்கிறது. பெரியப்பாவின் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவர் அண்ணன்.

ஆகஸ்ட் 20

வரைவைப் பேராசிரியரிடம் கொடுத்திருந்தேன். ஓரத்தில் பென்சிலால் ஒரே கேள்வி எழுதியிருந்தார்: அறியும் உரிமை உடையவருக்கு, அறியாமலிருக்கும் உரிமையும் உண்டல்லவா, அவர் அதைத்தான் பயன்படுத்துகிறார் என்றால்? சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். மாத்திரையைப் பற்றிக் கேட்டவர் பதிலை வற்புறுத்தாமல் மழைக்குத் தாவியதை நான் இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். எனினும் அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டியவர் அவரே. அவர் பெயரில் மற்றவர்கள் அதை எடுத்துக்கொள்ள முடியாது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று இதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை.

இதையே இரவு அம்மாவிடம் சொன்னேன், காண்ட்டையும் கான்ஸ்தானையும் விட்டுவிட்டு. முதலில் கோபப்பட்டார், பிறகு, அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரை விட்டே அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லலாமா என்று அண்ணனிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். பரிசோதனை 28ஆம் தேதி. கட்டுரை 29ஆம் தேதி. மூன்றாம் பகுதியை முழுவதும் திருத்தி எழுத வேண்டும்.