அம்மாவின் மாரடைப்பும் 0.85 என்ற எண்ணும்

அம்மாவுக்கு வயது 72, எடை 42 கிலோ, பழைய சர்க்கரை நோயாளி. மாரடைப்பு வந்தபோது அவருக்கு நெஞ்சுவலியே இல்லை. விடியற்காலையில் குமட்டல், முதுகில் ஒரு பிடிப்பு, வேர்வை, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கல். “வாயுதான்டா, ஓமத் தண்ணி குடு” என்றார். தெருமுனை கிளினிக்கில் வாயுவுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள், ஈசிஜி எடுக்கவில்லை. பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் வயதும் சர்க்கரையும் சேர்ந்தால் வலி அமுங்கிப்போய், மூச்சுத்திணறல் மட்டும் தெரியலாம்.

மூச்சு வாங்கல் குறையாததால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். ஈசிஜியில் லேசான மாற்றம். உடனே 14 மாத்திரைகளைக் கொடுத்தார்கள்: ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரெல் 4, கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டின் 8. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இது. “இத்தனையுமா?” என்று கேட்டபடியே அம்மா விழுங்கி முடிப்பதற்குள் 108 வந்துவிட்டது.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ட்ரோபோனின் பார்த்தார்கள். இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. முதல் அளவு 22. அந்தப் பரிசோதனை முறையில் ஆண்களுக்கான எல்லை 34, பெண்களுக்கு 16. ஆணின் கணக்கை வைத்துப் பார்த்தால் ‘நார்மல்’ என்று வீட்டுக்கே அனுப்பியிருக்கலாம். சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தபோது பல மடங்கு ஏறியிருந்தது. அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அடுத்து ரத்தம் உறையாமலிருக்க எனாக்ஸபரின் ஊசி. இங்கேதான் பணியிலிருந்த முதுநிலை மாணவி கொஞ்சம் நிறுத்தினார். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.1, அது சரியான அளவுதானே என்று கேட்டேன். அந்த ஊசி மருந்தை வெளியேற்றும் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க, அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். 140-இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். பெண் என்றால் கடைசியில் 0.85-ஆல் பெருக்க வேண்டும். அம்மாவுக்குக் கிட்டத்தட்ட 31 வந்தது. அதே 1.1 உள்ள, 70 கிலோ எடையுள்ள 30 வயது ஆணுக்கு 97 வரும். “30-க்குக் கீழே போனா ஊசி ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சார். இவங்க ஓரத்துல நிக்கிறாங்க. டோஸ் கூடினா ரத்தக்கசிவு வரும், ஆஞ்சியோ டையும் கிட்னியைத் தொடும்” என்றார். வயதான, எடை குறைந்த பெண்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடுதல் என்பதால் இந்தக் கணக்கை யாரும் கேட்காமலே அவர் போட்டது எனக்குப் பெரிய நிம்மதி. கண்ணால் பார்த்து உத்தேசமாக எடை சொல்லாமல், தராசில் நிறுத்தி எழுதச் சொல்லுங்கள்.

மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ. ரத்தக்குழாய் மெலிசு என்பதால் சுருங்கிக்கொண்டது, கொஞ்சம் நேரமானது. ஒரு அடைப்பு, அதைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட். காப்பீட்டு அட்டை இருந்ததால் பணப் பிரச்சினை வரவில்லை.

மாமா ஒருவர் வார்டிலேயே, “முன்னாடி சின்னச் சின்னதா வந்து போயிருந்தா இதயம் பழகியிருக்குமே” என்றார். அதில் ஓரளவு உண்மை உண்டு. 1986-இல் நாய்களிடம் சோதித்தபோது, ரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் விட்டுவிட்டு நிறுத்திய பிறகு வந்த பெரிய அடைப்பில் சேதம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் வயதான இதயத்தில் அந்தத் தற்காப்பு மங்கிவிடுகிறது. ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் இளம் ஆண் விலங்குகளையே வைத்துச் சோதித்ததால், அங்கே பலித்ததெல்லாம் என் அம்மாவுக்குப் பலிக்கும் என்று எப்படி நம்புவது? முறையான உடற்பயிற்சி, வயதில் மங்கிய அந்தத் தற்காப்பில் கொஞ்சத்தை மீட்கலாம் என்பதற்குச் சான்று இருக்கிறது.

அதனால் இப்போது நடைப்பயிற்சி வகுப்பு. அங்கே மற்ற எல்லோரும் ஆண்கள். கூச்சமாக இருக்கிறது என்று அம்மா இரண்டு தடவை டிமிக்கி கொடுத்தார். அப்புறம் பக்கத்து வீட்டுச் சித்தியையும் சேர்த்துவிட்டோம், சித்திக்கும் சர்க்கரைதான்.