இறங்கும் என்று சொன்ன பிறகு

"பிபி எறங்கும்னு தெரிஞ்சேதான் எங்க நைனாவுக்கு மயக்க மருந்து குடுக்கப் போறீங்களா சார்?"

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல், பேனாவைப் பிடித்தபடியே காசிமேட்டுப் பெரியவரின் மகள் கேட்டார். "தெரியும்னு இல்லம்மா, வாய்ப்பு அதிகம்னு சொல்றேன்" என்றேன். அந்தப் பதில் சரியானதுதான். ஆனாலும் இன்றுவரை அது எனக்குப் போதவில்லை.

பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது, சீழ் பிடித்த பித்தப்பை, தள்ளிப்போட வழியில்லை. பிபியின் மேல் அளவு 160 இருந்ததால் "இது எங்கே இறங்கப் போகுது" என்று சர்ஜன் கேட்டார். ஆனால் வயதானவர்களிடம் அந்த 160ஐ நம்ப முடியாது. ரத்தக்குழாய்கள் விறைத்திருக்கும், பிபி சரிந்தால் இதயத்தைத் துரிதப்படுத்தும் அனிச்சை மந்தமாகியிருக்கும், ப்ரோபோபால் என்ற மயக்க மருந்து உள்ளே போனதும் குழாய்கள் தளர்ந்து எல்லாம் ஒரேயடியாகக் கீழே வரும். போதாததற்குக் காலையில் டெல்மிசார்டானை ஒரு வாய் தண்ணீரோடு போட்டிருந்தார். நாங்கள் வழக்கமாக 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்லும் மாத்திரை அது, ஆனால் பிபி மாத்திரையை ஒருநாளும் விடாதீர்கள் என்று வருஷக்கணக்காகச் சொன்னதும் டாக்டர்கள்தானே, அவரை எப்படிக் குறை சொல்வது?

நெஞ்செலும்புக்குக் கீழே ஸ்கேன் வைத்துப் பார்த்தேன். ஐவிசி என்று நாங்கள் சொல்லும் பெரிய சிரை, அவர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் பாதிக்கு மேல் சுருங்கியது. உடம்பில் நீர் போதவில்லை. சலைன் ஏற்றினேன், பிபியை ஏற்றும் மெபென்டெர்மினைச் சிரிஞ்சில் எடுத்து வைத்தேன், இளவயதினருக்குக் கொடுப்பதில் பாதியளவு ப்ரோபோபாலை மெதுவாகச் செலுத்திவிட்டுக் காத்திருந்தேன். முதியவர்களுக்கு மருந்து மூளைக்குப் போய்ச் சேர நேரமாகும், அந்த இடைவெளியில் அவசரப்பட்டு இன்னும் கொஞ்சம் தள்ளுவதுதான் பல நேரம் ஆளைக் கவிழ்க்கிறது. சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிபியின் சராசரி அழுத்தம் 58க்கு, கவலைப்பட வேண்டிய அளவுக்கு வந்தது. மெபென்டெர்மின் 6 மில்லிகிராம் கொடுத்ததும் சீக்கிரமே 65ஐத் தாண்டியது.

ஆக, கணிப்பு பலித்தது, சமாளித்தும் விட்டோம் என்று முடித்துக்கொள்ளலாம். ஆனால் அன்றிரவு பெரியவர் பேரனை யாரென்று கேட்டிருக்கிறார். காலையில் தெளிந்துவிட்டார். "அப்போ எறங்குச்சே, அதனாலயா சார்?" என்றார் மகள். கிருமித்தொற்று, வலி, தூக்கமின்மை, புது இடம் என்று இந்த வயதில் குழப்பம் வரப் பல காரணங்கள் உண்டு என்றேன். உண்மைதான். ஆனால் நான் முன்பே சொல்லாமல் இருந்திருந்தால் அவர் மனதில் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. சொன்னதால்தான் பயம், சொன்னதால்தான் சந்தேகம். சொல்லாமல் விடுவதோ எனக்கு ஒத்துவராது, வீட்டுக்காரர்களுக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம் ஒரு பாட்டி வந்தார். மாத்திரையை ஒழுங்காக நிறுத்தியிருந்தார், சிரையும் நிறைவாக இருந்தது, அதனால் பிபி பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை. பாதி மருந்து போவதற்குள் சராசரி அழுத்தம் 52. ஏற்றிவிட்டோம், நன்றாகவே வீட்டுக்குப் போனார். அவர் மகன் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, நன்றி மட்டும் சொன்னார்.