தாச்சி மணலில் பேதியுப்பு: 10 கிராமில் மகனீசியம் எவ்வளவு?

பண்டாரவளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போஞ்சி போட்டிருக்கிறேன். தொடர்மழை விட்டதும் அடியிலைகள் மட்டும் மஞ்சளாகின. நரம்புகள் பச்சை, இடையில் மஞ்சள். மகனீசியம் போதாத செடி, பழைய இலையிலிருந்து அதை எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிடும். அதனால்தான் அடியிலை முதலில் வெளுக்கிறது. உரக்கடையில் பேதியுப்பு, அதாவது மகனீசியம் சல்பேற்று, வாங்கி வந்தேன்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் அக்காவின் மகள் பையைத் திருப்பிப் பார்த்தாள். "மாமா, இதில் 10 கிராம் போட்டால் மகனீசியம் எத்தனை கிராம் போகும்?" கேட்டவளே கணக்கும் போட்டாள். அணுத்திணிவுகளைக் கூட்டினாள்: மகனீசியம் 24.3, கந்தகம் 32.1, நாலு ஒட்சிசன் 64.0, மொத்தம் 120.4. 24.3-ஐ 120.4-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கினால் 2.02 கிராம்.

விடை இருமடங்குக்கும் மேல் பிழை. பேதியுப்பின் ஒவ்வொரு மகனீசியம் சல்பேற்றுக்கும் ஏழு நீர் மூலக்கூறுகள் பளிங்குக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றின் 126.1-ஐயும் சேர்த்தால் மூலர்த் திணிவு 246.5. அப்போது மகனீசியம் 9.86 சதவீதம்தான், 10 கிராமில் 0.986 கிராம். "கையில் ஒட்டவே இல்லையே, பாதிக்கு மேல் தண்ணீர் என்றால் எப்படி?" என்றாள். நியாயமான கேள்வி. அதை அடுப்பில் வைத்துத்தான் தீர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதல் தடவை சில்வர் கிண்ணத்தை நேராகக் காஸ் அடுப்பில் வைத்தேன். உப்பு தன் நீரிலேயே கரைந்து கொதித்து, வெள்ளைத் துளிகளாக வெளியே தெறித்தது. தெறித்த பிறகு நிறுப்பதில் அர்த்தமில்லை, கொட்டிவிட்டேன்.

இரண்டாம் தடவை பழைய தாச்சியில் ஆற்று மணல் பரப்பி, அதற்குள் கிண்ணத்தைப் புதைத்து, தீயை நன்றாகக் குறைத்தேன். சரியாக 10.00 கிராம் உப்பு. பளிங்குகள் மெல்ல ஈரமாகிக் குழைந்தன. மேலே பிடித்த குளிர்ந்த தட்டில் நீர் முத்துமுத்தாகக் கோத்தது. அவள் அந்தத் தட்டை அடுப்பு அணையும் வரை கீழே வைக்கவே இல்லை. கடைசியில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கட்டி மிஞ்சியது. மூடிய போத்தலுக்குள் ஆறவிட்டு நிறுத்தோம்: 5.66. மறுபடி சூடாக்கியபோது 5.63. மூன்றாம் முறையும் அதே 5.63.

நீர் முழுவதும் போயிருந்தால் 4.88 கிராம்தான் மிஞ்ச வேண்டும். தராசில் பிழையோ என்று அன்றிரவு முழுவதும் எனக்கு அதே யோசனை.

விடையை அப்பாதான் தந்தார், அவர் அறியாமலே. தோட்டத்து உர ஸ்டோரில் வேலை செய்தவர் அவர். மகனீசியத்துக்குத் தேயிலைக்கு என்ன போட்டார்கள் என்று கேட்டேன். "டொலமைட், இல்லாவிட்டால் கீசரைட்" என்று சொல்லி, விறகு மூடி வைத்திருந்த பழைய கீசரைட் பையைக் காட்டினார். கீசரைட் என்பதும் மகனீசியம் சல்பேற்றுதான்; ஆனால் ஒரே ஒரு நீர் மூலக்கூறு. மூலர்த் திணிவு 138.4. 138.4-ஐ 246.5-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கினேன்: 5.61! ஆறு நீர் போய்விட்டது. ஏழாவது இறுகப் பிடித்திருக்கிறது. அதை விரட்ட இன்னும் அதிக வெப்பம் வேண்டும். எங்கள் தாச்சியில் உண்டானது கீசரைட்டின் சேர்வையேதான். அப்பா அதை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் சிரித்தார்.

அந்தக் கீசரைட் பையில் 24% என்று இருந்தது. அது மகனீசியம் அல்ல, மகனீசியம் ஒட்சைட்டுக் கணக்கு. பைக்குள் ஒட்சைட்டு இல்லை. உர வியாபாரத்தில் அப்படி எழுதுவது வழக்கம். 24.3-ஐ 40.3-ஆல் வகுத்தால் 0.603. 24-ஐ அதனால் பெருக்கினால் மகனீசியம் 14.5 சதவீதம். உரம் வாங்குபவர்கள் இந்த ஒரு பெருக்கலைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பேன்.

போஞ்சிக்கு லீற்றருக்கு 10 கிராம் பேதியுப்புக் கரைத்துத் தெளித்தாயிற்று. கீசரைட் மெதுவாகக் கரைவதால் தெளிக்க உதவாது, மண்ணுக்குத்தான் நல்லது.

5.63 கிராம் கட்டியைத் தூளாக்கி, மூடாமல் ஜன்னலோரம் வைத்திருந்தோம். இரவு முழுவதும் பனிமூட்டம். காலையில் நிறுத்தால் 5.97. அவள் கொப்பியை எடுத்து, 5.97-க்கு நேரே மறுபடியும் 0.986 என்று எழுதினாள்.