பாய்க்கு அடியில் கிடந்த பார்கோடு

சித்திரைப் புத்தாண்டு சீசனில் அட்டன் டவுனில் அம்மாவுக்கு ஒரு பிரிட்ஜ் வாங்கினோம். கூப்பனை நிரப்பிக் கம்பனிக்குத் தபாலில் அனுப்பினால் 7,500 ரூபா திரும்பக் கிடைக்கும் என்றார்கள். அதை நம்பித்தான் சின்னதை விட்டுவிட்டு அந்த மாடலை எடுத்தோம். அந்தக் காசு கைக்கு வர எட்டு மாதம் ஆனது.

அசல் பில், அடையாள அட்டைப் பிரதி, பெட்டியில் ஒட்டியிருக்கும் பார்கோடு, எல்லாம் 30 நாளைக்குள் போய்ச் சேர வேண்டும். பார்கோட்டைப் பற்றிக் கடையில் யாரும் வாய் திறக்கவில்லை. கூப்பனை நான் வாசிப்பதற்குள் அம்மா பெட்டியைப் பிரித்துப் பாய்க்கு அடியில் விரித்துவிட்டார். எங்கள் வீடு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. அந்தச் சிமெந்துத் தரையின் குளிருக்கு அட்டை நல்ல காவல். பாயைச் சுருட்டி, ஈரம் ஏறிய அட்டையைப் புரட்டிப் புரட்டித் தேடி, பிளேட்டால் ஓரம் கிழியாமல் வெட்டி எடுத்தேன். அப்புறம் எல்லாவற்றையும் இரண்டு போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டு பதிவுத் தபாலில் போட்டேன்.

ஜூலை முதல் வாரத்தில்தான் பதில் கைக்கு வந்தது. கடிதத்தில் இருந்த திகதி ஜூன் 12. எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட ஆபிசுக்குப் போகும், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அம்மா வேலையிலிருந்து நின்றுவிட்டதால் அது அங்கேயே கிடந்திருக்கிறது. அடையாள அட்டையில் ‘லெட்சுமி’, பில்லில் ‘லக்ஷ்மி’, 14 நாளைக்குள் விளக்கம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். போன் செய்தால், தவணை முடிந்துவிட்டது என்று வைத்துவிட்டார்கள். பெயரை அப்படி அடித்தது அவர்கள் பொருளை விற்ற கடைதானே! தருகிற காசை அன்றைக்கே பில்லில் கழித்திருந்தால் ஒரு தாய் இப்படி அலைய வேண்டுமா?

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு எடுத்தேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எங்களுக்கு நான்கு நாள்தான் மிச்சம் இருந்தது. சமாதான நீதவானிடம் போய், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சத்தியக் கடதாசி எடுத்தோம். பில் கொப்பி, பதிவுத் தபால் துண்டு எல்லாம் சேர்த்து முறைப்பாட்டை அனுப்பினேன், கம்பனிக்கும் ஒரு பிரதி. அசல் பில் அவர்களிடம் போய்விட்டதே, அந்தக் கொப்பி மட்டும் இல்லையென்றால் கையில் ஒன்றுமே இருந்திருக்காது. முகவரிக்கு இந்தமுறை டவுனில் மச்சானின் தையல் கடையைக் கொடுத்தேன். தோட்டத்திலிருந்து அனுப்புகிறவர்கள் முதல் தடவையே அப்படிச் செய்யுங்கள்.

செப்டெம்பரில் கம்பனியிலிருந்தே கூப்பிட்டு, திரும்பப் பார்க்கிறோம் என்றார்கள். டிசம்பரில் காசோலை வந்தது. அம்மாவை வங்கிக்குக் கூட்டிப்போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை காசோலையையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தது. ‘லெட்சுமி’ என்றே இருந்தது.